சிவப்புப் பொட்டு வைத்த பட்டன்

"சோதனைப் பட்டியலின் முதல் கேள்வியை எடுத்துவிடலாமா சார்? அது டெக்னிக்கலாக இல்லையே" என்று போன வாரம் உங்களில் ஒருவர் எழுதியிருந்தீர்கள். யாரென்று சொல்லி மானத்தை வாங்கமாட்டேன். ஆனால் படித்தவுடன் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதில் தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். எழுந்து போய் டீ போட்டு, அதையும் குடிக்காமல் ஆறவிட்டேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது, இன்னும் எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியவில்லை.

அந்தக் கேள்வி இதுதான்: "இந்த கீபோர்டில் இப்போது வேலை செய்கிறவர் யார்? அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தீர்களா?" அதைப் பட்டியலில் சேர்த்தவன் நான்தான். ஏன் சேர்த்தேன் என்று யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். கேட்டால் என்மேல் உங்களுக்கு இருக்கிற மரியாதை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

நம் வேலை என்னவென்று வெளியாளுக்கு விளக்குவதே பெரும்பாடு. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்டுகிற ஓர் இயங்குதளம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அது எல்லா நாட்டு கீபோர்டுக்கும் ஒத்துவர வேண்டும் என்று சம்பளமில்லாமல் மண்டையை உடைத்துக்கொள்கிற கூட்டம் நாம். பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டருக்குப் போவது எழுத்து அல்ல, ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்கிற அட்டவணையைத்தான் நாட்டுக்கு நாடு எழுதிவைக்கிறோம். பட்டன் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சக் கதை தானாகப் புரியும்.

நான் குன்னூரில் இருந்துகொண்டு டீ பாக்டரிகளுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவன். தோளில் ஒரு பை, பையில் ஸ்க்ரூ டிரைவர், நாலைந்து பென் டிரைவ். எந்த பஸ் எந்த வளைவில் மூச்சு வாங்கும் என்று தெரியும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். இத்தனை நாட்டு அட்டவணை பார்த்த எனக்கு இன்றைக்கும் கீபோர்டைப் பார்க்காமல் தட்டத் தெரியாது. இரண்டு விரல்தான். பார்த்துப் பார்த்துத்தான்.

அரவேணு பக்கம் ஒரு தனியார் பாக்டரி. அங்கே டிரையரை, அதாவது அரைத்த இலையைச் சூட்டுக் காற்றில் உலர்த்துகிற இயந்திரத்தை, ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓட்டியது. பிரான்ஸிலிருந்து இரண்டாம் கையாக வந்த சரக்கு. கீபோர்டும் பிரெஞ்சு கீபோர்டு. நம் ஊர் கீபோர்டில் மேல் வரிசை இடது ஓரத்தில் க்யூ இருக்கும், அதற்குக் கீழே ஏ. பிரெஞ்சில் இது தலைகீழ். மேலே ஏ, கீழே க்யூ. அந்த டிரையர் புரோகிராமில் க்யூ அமுக்கினால் எல்லாம் நிற்கும். ஏ அமுக்கினால் தானாக ஓடும். இலையை அதுவே உள்ளே தள்ளும், சூட்டையும் அதுவே கூட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் அதன் ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டது. பாக்டரி நின்றால் இலை வீணாகும் என்று மேனேஜர் காதில் கத்திக்கொண்டிருக்க, நான் நம் இயங்குதளத்தை ஏற்றி, பென் டிரைவில் எடுத்துவைத்திருந்த பழைய புரோகிராமை அதில் ஓடவிட்டேன். அவசரத்தில் கீபோர்டு அட்டவணையை நினைக்கவே இல்லை. அது பாட்டுக்கு ஆங்கில அட்டவணையோடு ஓடியது. ஏ என்று அச்சடித்த மேல் பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டர் க்யூ என்று எடுத்துக்கொண்டு டிரையரை நிறுத்தியது. யாரும் புகார் சொல்லவில்லை. நானும் கிளம்பிவிட்டேன்.

புகார் ஏன் வரவில்லை என்றால், அங்கே அப்போதுதான் புதிதாக வந்து உட்கார்ந்த பரமேஸ்வரி இருந்தார். சிறு பிள்ளையாகச் சிலோனிலிருந்து தாய் தகப்பனோடு வந்தவர். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்துபோய், இனிமேல் சரிவில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு பாக்டரிக்குள் வந்தவர். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து வந்து அந்த பாக்டரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். "இதெல்லாம் பொம்பளைங்களுக்கு ஆகாதுங்க" என்று சூப்பர்வைசர் முதல் நாளே மேனேஜரிடம் சொல்லியிருந்தார். அந்த இடம் போனால் பரமேஸ்வரிக்கு வேறு இடம் கிடையாது. சரிவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

அவருக்கு ஆங்கில எழுத்தும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன நடக்கிறது என்று பார்த்தார். மேல் பட்டன் நிறுத்துகிறது. அதன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. கீழ்ப் பட்டன் ஓட்டுகிறது. அதன் மேல் பச்சைப் பொட்டு. ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினார். கை கீபோர்டில் இருக்கும், கண் டிரையர் வாயில் இருக்கும். இதை எனக்குப் பிற்பாடு மற்றவர்கள் சொன்னார்கள். நானாக ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நான் நம் குழுவில் சேர்ந்தேன். புது மாப்பிள்ளை மாதிரி ஒரே துள்ளல். முதல் வேலையாகப் பிரெஞ்சு அட்டவணையைச் சோதிக்கக் கொடுத்தார்கள். உண்மையான பிரெஞ்சு கீபோர்டில் சோதித்துச் சொன்னால் நல்லது என்றும் எழுதியிருந்தார்கள். நீலகிரியில் எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று எங்கே இருக்கிறது? கை துறுதுறுத்தது. யாரும் கூப்பிடாமலே, வழக்கமான சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பாக்டரிக்குப் போய்விட்டேன்.

பரமேஸ்வரி ஷிப்ட் முடிந்து போயிருந்தார். டிரையர் புரோகிராமைத் தொடாமல் இன்னொரு திரைக்கு மாறி, பிரெஞ்சு அட்டவணையை ஏற்றி ஒவ்வொரு பட்டனாக அமுக்கினேன். அச்சடித்தது அச்சடித்தபடி திரையில் வந்தது. எனக்கு ஒரே குஷி. பட்டன்களில் ஒட்டியிருந்த இரண்டு பொட்டும் அழுக்காகத் தெரிந்தன. நகத்தால் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். இலை அரைக்கிற ரோலர் இரைச்சலுக்கு நடுவே சூப்பர்வைசரிடம், "இனிமேல் என்ன எழுதியிருக்குதோ அதேதாங்க வரும்" என்றேன். அவர் தலையாட்டினார். அவருக்கு என்ன காதில் விழுந்ததோ! நான் நின்று கேட்கவில்லை, கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் குழுவுக்கு எழுதினேன்: உண்மையான கீபோர்டில் சோதித்தாயிற்று, எல்லாப் பட்டனும் சரி.

அன்றைக்கு ராத்திரி ஷிப்டில் டிரையர் சிக்கலில்லாமல் ஓடியது, அந்த இரண்டு பட்டனையும் யாரும் தொடவில்லை. சூட்டு எண்களை வலது ஓரத்து எண் கட்டத்தில் தட்டுவார்கள், அங்கே எதுவும் மாறவில்லை. செவ்வாய்க் காலை ஓடுகிற டிரையரை அப்படியே கையில் வாங்கினார் பரமேஸ்வரி. "பொட்ட யாரு எடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். "கம்ப்யூட்டர் சார் வந்து கிளீன் பண்ணுனாருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். கைக்குத்தான் இடம் தெரியுமே என்று உட்கார்ந்துவிட்டார்.

பத்து மணிவாக்கில் டிரையருக்குள் இலை சிக்கிக்கொண்டது. பரமேஸ்வரி கண்ணை எடுக்காமல் மேல் பட்டனை அமுக்கினார். டிரையர் நிற்கவில்லை, சூடு ஏறியது. மறுபடி அமுக்கினார். ஏழெட்டுத் தடவை அமுக்கினார். ஒவ்வொரு தடவையும் திரையில் பிரெஞ்சில் ஏதோ ஒரு வரி வந்தது. படிக்க அங்கே யாருமில்லை. உள்ளேயிருந்து புகை வந்தது. பரமேஸ்வரி அந்த முழங்காலோடு ஓடிப் போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். அவர் மட்டும் ஓடியிருக்காவிட்டால் கட்டடமே பற்றியிருக்கும். ஆனால் அன்றைய இலை மொத்தமும் கருகிப்போனது.

மத்தியானம் எனக்கு போன் வந்தபோது நம் குழுவிலிருந்து வந்த பாராட்டுக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். "உங்க கம்ப்யூட்டர் ஒழுங்கா இருக்குதானு வந்து பார்த்துட்டுப் போங்க" என்றார் மேனேஜர். பாக்டரிக்குள் கால் வைத்தால் கருகல் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. கீபோர்டைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் சுரண்டிய இடத்தில் பொட்டின் பசை வட்டமாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மெஷின்ல ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?" என்று கேட்டார் மேனேஜர். பக்கத்தில் சூப்பர்வைசர். கொஞ்சம் தள்ளிப் பரமேஸ்வரி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"மெஷின்ல ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

பொய் இல்லை பாருங்கள். மெஷினில் ஒன்றுமில்லைதான். அப்படித்தான் என் வாய் சொன்னது. சூப்பர்வைசர் உடனே, "நான் அப்பவே சொன்னேனுங்க, பதட்டத்துல கண்டத அமுக்கியிருக்கும்" என்றார். டிரையரைப் பிரித்துச் சுத்தம் செய்து திங்கட்கிழமைதான் ஓட்ட முடியும், வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை பரமேஸ்வரி கொழுந்து பறிக்கப் போகட்டும் என்று மேனேஜர் சொன்னார். வெளியே மூடுபனியில் அவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போவதை ஜன்னல் வழியே பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அப்புறம் மூன்று நாள் நான் பட்ட பாடு! உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அரவேணு போகிற பஸ்ஸில் ஏறி, வண்டி கிளம்புவதற்குள் இறங்கினேன். இப்படி இரண்டு தடவை. கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே நடந்து நடந்து தரையத் தேய்க்கறீங்க, என்னாச்சுங்க?" என்று என் மனைவி கேட்டாள். தலைவலி என்றேன். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. அந்த பாக்டரிக்குத் தெரிந்தால் மலை முழுக்கத் தெரியும். யாருக்கும் சொல்லாமல் அடுத்தவன் மெஷினில் சோதனை செய்கிறவன் என்று பெயர் வந்தால் யார் உள்ளே விடுவார்கள்? சூப்பர்வைசரிடம் சொன்னேனே, அவர் சொல்லாதது என் குற்றமா என்றும் எனக்குள்ளேயே வாதாடினேன். அந்த வாதத்தில் எனக்கு நானே தோற்றுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை, அட்டவணைகளைப் பராமரிப்பவருக்கு எழுதினேன். எங்கோ குளிர்தேசத்தில் இருப்பவர். முகம் பார்த்ததில்லை, கடிதத்தின் கீழ் இரண்டு எழுத்துதான் போடுவார். நான் வஞ்சகமாக, யாருக்கோ நடந்ததுபோல் கேட்டேன்: சரியான அட்டவணை ஏற்றிய பிறகு ஒருவர் தவறான பட்டனை அமுக்கினால் அது அட்டவணையின் குறையா? அவர் பதிலாக மூன்று கேள்வி அனுப்பினார். முன்பு எந்த அட்டவணை இருந்தது? அதில் எத்தனை நாள் வேலை செய்தார்? மாற்றியதை அவரிடம் நேரில் சொன்னீர்களா? முதல் இரண்டுக்கும் பதில் எழுதினேன். மூன்றாவதுக்கு எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் நாலு பேர் இருந்தோம். மேனேஜர், சூப்பர்வைசர், நான், பரமேஸ்வரி. அவரை உட்காரச் சொல்லவில்லை. மூன்று நாள் சரிவில் ஏறி இறங்கியதில் முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன சொல்றீங்க?" என்று மேனேஜர் கேட்டதும், கக்கத்தில் வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம். அதில் முழு கீபோர்டையும் பேனாவால் கட்டம் கட்டமாக வரைந்திருந்தார். எழுத்துகள் இல்லை, கட்டங்கள் மட்டும். ஒன்றுகூட இடம் தப்பவில்லை. இடது ஓரத்தில் மேலே சிவப்புப் பொட்டு, கீழே பச்சைப் பொட்டு. சிவப்புப் பொட்டு ஒட்டிய இடத்தில் தாள் நைந்து கிழியப் போயிருந்தது.

"மூணு நாளா ஊட்டுல வச்சு அமுக்கிப் பாத்தேங்கய்யா. கண்ண மூடிக்கிட்டும் பாத்தேன். எம் மவ பக்கத்துல இருந்து, இலை சிக்கிக்கிச்சும்மான்னு திடீர்னு கத்துவா, நான் அமுக்குவேன். கை சரியாத்தான் போவுது. அன்னைக்கு எப்புடிப் பிழை விட்டேன்னு எனக்கே வெளங்கல. எம் பிழைதான். இன்னொருக்கா உட்டுப் பாருங்கய்யா, இந்தக் காலோட என்னால மேல ஏற முடியாதுங்க."

மன்னிப்புக் கேட்கிறார். நான் செய்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்கிறார். பிள்ளைகளே, நான் பெரிய யோக்கியனாகி எழுந்து நின்றேன் என்று நினைக்காதீர்கள். அந்த நைந்த தாளைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு நிமிடம் என்னால் அங்கே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அவங்க கை பிசகலைங்க. நான் மாத்திட்டேனுங்க. திங்கட்கிழமை சாயங்காலம் வந்து நிறுத்துற பட்டனையும் ஓட்டுற பட்டனையும் தலைகீழா மாத்திட்டு, அவங்ககிட்ட சொல்லாமப் போயிட்டேன்."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்குக் கேட்டேனுங்களே? மெஷின்ல ஒண்ணுமில்லைன்னீங்களே?"

"மெஷின்ல இல்லைங்க. எங்கிட்டதானுங்க."

பரமேஸ்வரி மெதுவாக என் பக்கம் திரும்பினார். அழுவார் என்று நினைத்தேன். "செவ்வாக்கெழமையே ஒங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார். தெரியும் என்றேன். "தெரிஞ்சுக்கிட்டா என்னைய மலைக்கு அனுப்புனீங்க?" என்றார். அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் மறுபடியும் டிரையருக்கு வரலாம் என்று மேனேஜர் சொன்னார். என்னிடம், பழைய அட்டவணையை வைத்துக் கொடுத்துவிட்டு இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார். அது நியாயம்தான். பயந்ததுபோலவே இன்னும் இரண்டு பாக்டரி போனது. அதையும் தாண்டி நான் பிழைத்துக்கொண்டேன், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

குளிர்தேசத்துக்காரரின் மூன்றாவது கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் எழுதினேன். சொல்லவில்லை, நான்தான் அந்த ஆள் என்று எழுதினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இதைப் பட்டியலில் எங்கே வைக்கலாம்?" என்று மட்டும் கேட்டார். முதலில் என்றேன். ஆக, டெக்னிக்கலாக இல்லாத அந்தக் கேள்வி அங்கேயே இருக்கும். நான் உயிரோடு இருக்கிறவரை யாரும் அதைத் தொடக்கூடாது. தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மூன்று நாள் தள்ளிப் போட்டால் அந்த மூன்று நாளையும் வேறு யாரோ நடந்து தீர்க்க வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை காலை பாக்டரியில் பழைய அட்டவணையை வைத்தேன். டிரையர் இன்னும் சூடாகவில்லை. பரமேஸ்வரி முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர் கையிலிருந்த பொட்டு அட்டையை வாங்கி ஒட்டலாம் என்று கையை நீட்டினேன்.

"நீங்க ஒட்டாதீங்க" என்றார். தானே ஒட்டினார். மேலே சிவப்பு, கீழே பச்சை. பிறகு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். "ஒக்காருங்க சார்."

உட்கார்ந்தேன். "கையை மடியில வைங்க. கண்ண மூடுங்க" என்றார். மூடினேன்.

"இலை சிக்கிக்கிச்சு. பொகை வருது. நிறுத்துங்க சார்."

கை எழுந்தது. எங்கே போவதென்று தெரியவில்லை. பட்டன்களைத் தடவினேன். போன திங்கட்கிழமைதான் அதே கீபோர்டை ஒவ்வொரு பட்டனாகச் சரிபார்த்த கை அது. "சீக்கிரம் சார், பொகை வருது" என்றார். ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். என் விரல் பச்சைப் பொட்டின் மேல் இருந்தது.

"கருகிப்போச்சு சார்" என்றார் பரமேஸ்வரி. அவர் சிரிக்கவில்லை. டிரையரைப் பார்த்தபடியே என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிச் சிவப்பை அமுக்கினார். "எந்திரிங்க, எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு."